அபௌட் டைம்: இது காதல் படமா, அப்பா படமா?

கடைசி பெஞ்ச்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முழுவதையும் போட்டு உடைக்கப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். இழை எங்கும் ஓடிவிடாது.

'அபௌட் டைம்' 2013-ல் வந்த பிரிட்டிஷ் படம். ரிச்சர்ட் கர்டிஸ் எழுதி இயக்கியது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாயகி மேரியாக வரும் ரேச்சல் மெக்கடம்ஸுக்காகத்தான் பார்த்தேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. ஜாலியான காதல் படம் என்று நாலு பேருக்குச் சிபாரிசும் செய்தேன். போன வாரம் மறுபடி பார்த்தேன். இடையில் இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன. மகள் பிறந்தாள். அப்பா போய்விட்டார். படம் அதேதான், ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. ஆனால் முன்பு சிரித்துக்கொண்டே தாண்டிப் போன ஓர் இடத்தில் இந்த முறை நிறுத்தி வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுந்து போனேன்.

கதை தெரியாமலே உள்ளே வந்தவர்களுக்காகச் சுருக்கம். டிம்முக்கு 21 வயது ஆனதும் அப்பா அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு ரகசியம் சொல்கிறார். அந்தக் குடும்பத்து ஆண்களால் காலத்தில் பின்னோக்கிப் போக முடியும். இயந்திரம் இல்லை, மின்னல் இல்லை. இருட்டான இடமாகப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் இறுக மூடி, போக வேண்டிய நேரத்தை நினைத்தால் போதும். துணி அலமாரி போதும். தன் வாழ்க்கைக்குள், தனக்கு நினைவில் இருக்கிற இடங்களுக்கு மட்டும்தான் போக முடியும். போய் ஹிட்லரைக் கொல்ல முடியாது. பையன் இதை வைத்து என்ன செய்ய நினைக்கிறான் என்றால், ஒரு காதலியைக் கண்டுபிடிக்க.

என் வாதம் இதுதான். போஸ்டரில் மழையில் நனைந்த கல்யாணப் பெண் சிரிக்கிறாள், நாமும் காதல் படம் என்று நம்பி உட்காருகிறோம். ஆனால் டிம், மேரி காதலில் உண்மையான சிக்கல் எல்லாம் பாதிப் படத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் படம் யாருடையது? அப்பாவுடையது. அப்பாவாக நடித்த பில் நை வருகிற காட்சிகளை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் இருப்பது நல்ல தொலைக்காட்சித் தொடர் அளவுக்குத்தான் தேறும்.

உங்கள் கருத்து?


சும்மா வந்தவன்

அந்தச் சக்தி எனக்கு இருந்தால் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் நேராகக் கழிப்பறைக்குப் போய் விளக்கை அணைத்துக் கையை மூடியிருப்பேன். காதலாம் காதல்.


நடுநிசி ரசிகன்

கடைசி பெஞ்ச், பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காதல் பகுதியை இவ்வளவு மட்டமாகத் தள்ளிவிட முடியாது. அந்த இருட்டு உணவகக் காட்சியை நினைத்துப் பாருங்கள். லண்டனில் உண்மையிலேயே இருந்த இடம் அது, முழு இருட்டில் சாப்பிடுகிற 'டான் லெ நுவார்'. டிம்மும் மேரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசுகிறார்கள். திரையும் கிட்டத்தட்டக் கருப்பு. குரல் மட்டும்தான். காதல் படத்தில் நாயகியை அறிமுகப்படுத்தும்போது முகத்தைக் காட்டாமல் இருக்க எவ்வளவு தைரியம் வேண்டும்! வெளியே வந்து தெருவில் நின்று, இவள்தானா அவள் என்று அவன் பார்க்கிற அந்த ஒரு நொடிக்காகவே இத்தனை நேரம் இருட்டில் உட்கார வைத்திருக்கிறார்.

அடுத்து நடப்பதுதான் வேடிக்கை. வீட்டுக்கு வருகிறான். தங்க இடம் கொடுத்த நாடக ஆசிரியர் ஹாரியின் நாடகம் அன்றிரவு ஊற்றிக்கொண்டுவிட்டது. பாவம் என்று இவன் பின்னால் போய் நாடகத்தைக் காப்பாற்றுகிறான். அப்புறம்தான் தெரிகிறது, அந்த இரவு மாறிப்போனதால் மேரியைச் சந்தித்ததே இல்லை. போனில் அவள் எண் கிடையாது. காலப் பயணத்தின் விலையை இவ்வளவு சாதாரணமாக, ஒரு போனை வைத்துக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

ஹாரியாக வரும் டாம் ஹாலண்டர் பற்றித் தனி இழையே போடலாம். உலகத்தின் மேலேயே கோபமாக இருக்கிற மனிதர்.


கோலப்பொடி

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் கலகம் செய்கிறேன்.

மேரி மறுபடி கிடைக்கும்போது அவளுக்கு ரூபர்ட் என்று ஒருவன் இருக்கிறான். எந்த விருந்தில் சந்தித்தீர்கள், எத்தனை மணிக்கு என்று நயமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, டிம் பின்னால் போய் ரூபர்ட் வருவதற்கு முன்பே அவளைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறான். ரூபர்ட்டின் கதை அங்கேயே முடிந்தது. அவன் நல்லவனா கெட்டவனா என்பது இருக்கட்டும், அவள் ஏற்கெனவே எடுத்த ஒரு முடிவை அவளுக்கே தெரியாமல் அழித்துவிட்டான்.

அவளுக்கு மாடல் அழகி கேட் மாஸ் பிடிக்கும் என்பது இவனுக்குத் தெரியும், இவனைத் தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது. கேட் மாஸ் புகைப்படக் கண்காட்சியில் நாள் கணக்காகக் காத்துக் கிடக்கிறான். பின்னணியில் இனிமையான இசை ஓடுவதால் நாம் சிரிக்கிறோம். இசையை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள்.

அவர்களுடைய முதல் இரவை மூன்று தடவை வாழ்கிறான். அவளுக்கு அது ஒரே தடவை. கடைசி வரைக்கும், மூன்று குழந்தைகள் ஆகியும், சொல்வதே இல்லை. மேரி யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மேரிக்கே தெரியாது. இதற்குப் பெயர் காதல் நகைச்சுவை என்றால் அதில் நகைச்சுவை யாருக்கு?


கடைசி பெஞ்ச்

கோலப்பொடி, இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. சொல்லியிருக்க வேண்டும்தான். ஒன்றே ஒன்று: இந்தச் சக்தியால் யாரையும் காதலிக்க வைக்க முடியாது என்பதைப் படம் முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. சார்லட் விஷயம். கோடை முழுக்க வீட்டில் தங்கியிருந்தவளிடம் கடைசி இரவில் போய்க் காதலைச் சொல்கிறான், முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்கிறாள். பின்னால் போய் முன்னாடியே சொல்கிறான், கடைசி இரவில் கேட்டுப் பாரேன் என்கிறாள். எந்தத் தேதிக்குப் போனாலும் பதில் ஒன்றுதான். மரியாதையாக நாளை மட்டும் மாற்றிச் சொல்கிறாள்.


கோலப்பொடி

அது சார்லட்டின் கெட்டிக்காரத்தனம், டிம்மின் நேர்மை இல்லை. :)


சும்மா வந்தவன்

சார்லட்டாக வந்தது மார்கோ ராபி. அதே 2013 டிசம்பரில் 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' வந்து எங்கேயோ போய்விட்டார். டிம் பின்னோக்கித்தான் போனான், அவர் முன்னோக்கிப் போனார்.


பழைய ரீல்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். சில தகவல்கள்.

கர்டிஸ் அதற்கு முன்பு எழுதியவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1994-ல் 'ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃப்யூனரல்', 1999-ல் 'நாட்டிங் ஹில்'. 2003-ல் 'லவ் ஆக்சுவலி'யை எழுதித் தானே இயக்கினார். பில் நைக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தப் படத்தில் வந்த பழைய ராக் பாடகர் வேடம்தான். ஆக, இவர்கள் இருவரும் பழைய கூட்டாளிகள்.

'அபௌட் டைம்' சுமார் 1.2 கோடி டாலரில் எடுத்த சின்னப் படம். உலகம் முழுக்க 8.7 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. அதில் அமெரிக்காவின் பங்கு ரொம்பச் சிறிது. தென்கொரியாவில்தான் கொண்டாடினார்கள், முப்பது லட்சம் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்தார்கள். அந்த ஊரில் இந்த வகைப் படத்துக்கு இது சாதாரண எண்ணிக்கை இல்லை. கடைசி பெஞ்ச் கேட்ட கேள்விக்கு இதிலேயே ஒரு பதில் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றும். பிரிட்டிஷ் காதல் வசனத்துக்காக மட்டும் இத்தனை பேர் போயிருப்பார்களா?

டிம்மாக வரும் டோனல் கிளீசன் அயர்லாந்துக்காரர், பிரெண்டன் கிளீசனின் மகன். நடிகரின் பையனே அப்பா, பையன் கதையில். தந்தையும் மகனும் ஹாரி பாட்டர் படங்களில் இருந்தார்கள். பில் நையும் இருந்தார்.

ஹாரியின் நாடகக் காட்சியில் ரிச்சர்ட் கிரிஃபித்ஸைக் கவனித்தீர்களா? அவரும் ஹாரி பாட்டர் ஆள்தான், மாமா வெர்னன். 2013 மார்ச்சில் இறந்துவிட்டார். படம் செப்டம்பரில்தான் வெளிவந்தது.

ரேச்சல் மெக்கடம்ஸ் பற்றி ஒரு வேடிக்கை. 2009-ல் 'தி டைம் டிராவலர்ஸ் வைஃப்', 2011-ல் 'மிட்நைட் இன் பாரிஸ்', அப்புறம் இது. மூன்றிலும் அவருடைய ஆள் காலத்தில் பயணம் போகிறான், இவர் மூன்றிலும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.


கோலப்பொடி

பழைய ரீல் ஐயா, கடைசி வரியில் என் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டீர்கள், நன்றி.


லாஜிக் லாரி

அழுகிறவர்கள் அழுங்கள், நான் கணக்குப் பார்க்கிறேன்.

படத்தின் பெரிய விதி நடுவில்தான் வருகிறது. டிம்மின் தங்கை கிட் கேட், டிம், மேரியின் குழந்தை போஸியின் முதல் பிறந்தநாள் அன்று குடித்துவிட்டு வண்டியை மோதிவிடுகிறாள். அவள் வாழ்க்கை கெட்டதே காதலன் ஜிம்மியால்தான் என்று டிம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பழைய புத்தாண்டு விருந்துக்கே போய், ஜிம்மியோடு அவள் சேராதபடி செய்துவிடுகிறான். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் போஸி இல்லை. வேறு ஒரு குழந்தை, ஆண் குழந்தை. அப்பா விளக்குகிறார்: குழந்தை உருவான அந்தக் கணத்துக்கு முன்னால் போய் எதையாவது அசைத்தால், அதே குழந்தை கிடைக்காது. டிம் மறுபடி போய் எல்லாவற்றையும் பழையபடியே விட்டுவிடுகிறான். போஸி திரும்ப வந்துவிடுகிறாள்.

இங்கே என் முதல் கேள்வி. ஒரு நொடி முன்பின் ஆனாலே வேறு குழந்தை என்றால், அழித்ததைத் திரும்ப எழுதும்போது மட்டும் எப்படி அதே எழுத்து வந்தது?

இரண்டாவது கேள்வி இதைவிடப் பெரியது. மூன்றாவது குழந்தை பிறந்துவிட்டால் இறந்துபோன அப்பாவைப் போய்ப் பார்க்க முடியாது, அதனால் அது கடைசிச் சந்திப்பு. சரி. அந்தச் சந்திப்பில் அப்பாவும் மகனும் என்ன செய்கிறார்கள்? டிம் சின்னப் பையனாக இருந்த ஒரு நாளுக்குச் சேர்ந்து போய்க் கடற்கரையில் நடக்கிறார்கள். அது போஸி உருவாவதற்கு எத்தனையோ வருடம் முன்னால்! எதையும் மாற்றாமல் ஜாக்கிரதையாக இருந்தால் ஒன்றும் ஆகாதாம். அப்படியென்றால் மூன்றாவது குழந்தைக்கு அப்புறமும் இதே ஜாக்கிரதையோடு வாரம் ஒரு முறை போய் அப்பா பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாமே? விடைபெறவே தேவையில்லை. உங்களை எல்லாம் அழவைத்த கடைசி இருபது நிமிடம் ஒரு ஓட்டைமேல் நிற்கிறது ஐயா.


நடுநிசி ரசிகன்

லாரி, உங்களோடு சினிமாவுக்கு வருகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.


லாஜிக் லாரி

யாரும் வருவதில்லை.


தூக்கம் வராதவள்

லாரி சொன்ன இரண்டாவது கேள்வியை நேற்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். (பெயர் சும்மா வைக்கவில்லை.)

நீங்கள் அதை இயற்பியல் விதியாகப் படிக்கிறீர்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள், எனக்கு அது வேறு மாதிரிதான் கேட்கிறது. டிம் ஒரு தடவை வீட்டுக்கு வந்து, தன் குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு குழந்தையைப் பார்த்தவன். அந்தப் பையனும் அழகாகத்தான் இருக்கிறான், இவனைப் பார்த்து அப்பா என்றுதான் சிரிக்கப் போகிறான். ஆனால் போஸி எங்கே? அவளை இழந்தது யாருக்கும் தெரியாது, மேரிக்கும் தெரியாது, அழுவதற்குக்கூட துணை கிடையாது. அந்தக் காட்சி சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. நகைச்சுவைப் படத்துக்கு நடுவில் அதைவிடப் பயங்கரமான காட்சி வேறு எது?

அதைப் பார்த்தவன், கடற்கரைக்கு ஒரே ஒரு முறை துணிகிறான். அதுவும் அப்பா கூட இருக்கிற தைரியத்தில், அப்பா கடைசியாக ஆசைப்பட்டதற்காக. வாரா வாரம் துணிவானா? எல்லாம் சரியாக இருக்கும், ஒன்றும் மாறாது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சொன்னாலும், அந்த ஒன்றை வைத்து உங்கள் பிள்ளையின் முகத்தைப் பணயம் வைப்பீர்களா? விதி இடம் கொடுக்கிறதா என்பது கேள்வியே இல்லை. பெற்றவன் மனசு இடம் கொடுக்கவில்லை.

அதனால் எனக்கு அங்கே ஓட்டை தெரியவில்லை. உங்கள் முதல் கேள்வி மட்டும் ஓட்டைதான், அதில் சந்தேகம் இல்லை.


லாஜிக் லாரி

ஒரு நிமிடம். இந்த வழியில் நான் யோசிக்கவில்லை.

சரி, அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்க்கிறேன். இரண்டாவது குழந்தை உருவான பிறகுதான் அவன் பயமில்லாமல் போகக்கூடிய காலம் தொடங்குகிறது. அப்பா இறப்பது அதற்கப்புறம். அந்த இரண்டு தேதிக்கும் நடுவே இருக்கிற காலம்தான் டிம்முக்கு மிச்சம் இருக்கிற அப்பா. அந்த ஜன்னல் வழியாகத்தான் அவர் இறந்த பிறகும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். மேரி இன்னொரு குழந்தை வேண்டும் என்று கேட்கும்போது அவள் கையில் ஜன்னல் கதவு இருக்கிறது, அது அவளுக்குத் தெரியாது.

நல்ல கட்டுமானம்தான். ஒத்துக்கொள்கிறேன். போஸி ஓட்டையை மட்டும் விடமாட்டேன்.


கடைசி பெஞ்ச்

லாரி, நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன் என்று சொன்னேனே, அந்த இடம்தான். மேரி சாதாரணமாக, ஆசையாக, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். உலகத்தில் எந்தக் கணவனுக்கும் அது சந்தோஷமான கேள்வி. அவன் முகத்தில் ஒரு நொடி தயக்கம். அப்புறம் சரி என்கிறான். அந்தச் 'சரி' சொல்வதற்குள் அவன் அப்பாவை அனுப்பி வைத்துவிட்டான்.

கோலப்பொடிக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன், முழுப் பதில் இல்லை. அவளிடம் சொல்லியிருந்தால் அவள் அந்தக் குழந்தையைக் கேட்டிருக்கவே மாட்டாள்.


கோலப்பொடி

அல்லது கேட்டிருப்பாள், இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்பார்கள், இன்னும் நல்ல படமாக இருந்திருக்கும். முடிவு எடுக்கிற உரிமையை அவளுக்குக் கொடுக்காமல், அவள் என்ன செய்திருப்பாள் என்று நீங்களும் டிம்மும் சேர்ந்து ஊகிக்கிறீர்கள். நான் சொல்வதே இதைத்தான்.

ஆனால் அந்த ஜன்னல் விஷயம் எனக்கும் கொஞ்சம் தைத்தது. மறைக்கவில்லை.


புதுசு

வணக்கம், இழைக்குப் புதிது. கதை எல்லாம் படித்துவிட்டேன், பரவாயில்லை. குடும்பத்தோடு பார்க்கலாமா? அப்பாவும் பக்கத்தில் உட்காருவார். நடுவில் எழுந்து தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரிக் காட்சிகள் உண்டா? (கடைசி பெஞ்ச் போன காரணத்துக்கு இல்லை.)


பழைய ரீல்

புதுசு, பிரிட்டனில் 12ஏ சான்றிதழ், அதாவது பெரியவர் துணையோடு சின்னப் பிள்ளைகளும் பார்க்கலாம். அதே படத்துக்கு அமெரிக்காவில் ஆர், அதாவது பதினேழு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும். கெட்ட வார்த்தைகள் அங்கங்கே உண்டு, முதல் இரவுக் காட்சி உண்டு, ஆனால் அது சிரிப்புக்காக. பெரிதாகக் காட்டுவது எதுவும் இல்லை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.


சும்மா வந்தவன்

அலமாரியில் நுழைந்து கையை மூடிக்கொண்டாலும் போதும்.


மூன்றாம் வரிசை

எல்லோரும் புகழ்ந்தாகிவிட்டது. எனக்கு இந்தப் படத்தின் மேல் வேறு ஒரு கோபம்.

அந்தக் குடும்பத்தைப் பாருங்கள். கார்ன்வாலில் கடலைப் பார்த்த பெரிய வீடு. தினமும் கடற்கரையில் தேநீர். வெள்ளிக்கிழமை தோறும், மழை பெய்தாலும் வெட்டவெளியில் திரை கட்டி சினிமா. அப்பா ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டார். பையன் லண்டனில் வக்கீல். இப்படிப்பட்டவர்கள் வந்து நம்மிடம், சாதாரண நாளை ரசியுங்கள், அதுதான் ரகசியம் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர்களுடைய சாதாரண நாள் எனக்கு ஒரு வருடத்துக்குச் சேர்த்து வைத்துப் போகிற விடுமுறை.

சக்தியை வைத்துப் பணம் சேர்க்க வேண்டாம், அது முன்னோர்களுக்கே நன்மையாக முடியவில்லை என்று அப்பா அறிவுரை சொல்கிறார். பணம் இருக்கிறவர்கள் சொன்னால் இந்த அறிவுரை இனிக்கும். நம் 'இன்று நேற்று நாளை' 2015-ல் வந்தது. அதில் கால இயந்திரம் கையில் கிடைத்ததும் இரண்டு பேரும் முதலில் பிழைப்புக்குத்தான் வழி தேடுகிறார்கள். அதுதான் நிஜம். கையில் காசில்லாதவன் அலமாரிக்குள் போனால் காதலைத் தேடிப் போகமாட்டான்.


நடுநிசி ரசிகன்

மூன்றாம் வரிசை, அந்தக் கோபம் நியாயம். ஆனால் அம்மாவைத் தேடிப் போனவனும் இருக்கிறானே. 2022-ல் 'கணம்' வந்தது, விபத்தில் போன அம்மாவைக் காப்பாற்ற ஒருவன் பின்னால் போகிறான். அம்மாவாக அமலா. அந்தப் பையன் ஒன்றும் கடலோர மாளிகைக்காரன் இல்லை. காசில்லாதவனுக்கும் திரும்பிப் போய்ப் பார்க்க ஒரு முகம் இருக்கும்.

'கணம்' அம்மாவைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்கிறது. 'அபௌட் டைம்' அந்தக் கேள்வியையே கேட்பதில்லை. அப்பாவுக்குப் புற்றுநோய், நுரையீரலில். சிகரெட்டை விடவைக்கலாமே என்றால், அது பிள்ளைகள் பிறப்பதற்கு முந்தைய கதை, அங்கே கை வைத்தால் பிள்ளைகளே மாறிவிடுவார்கள். தன் உயிரா பிள்ளைகளா என்று அந்த மனிதர் எப்போதோ முடிவெடுத்துவிட்டார், அதைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. கைகளைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, ஏதோ பேருந்து தாமதம் என்கிற மாதிரிச் சொல்கிறார். பில் நையைத் தவிர வேறு யாராவது செய்திருந்தால் அந்த இடத்தில் வயலின் வைத்திருப்பார்கள்.


கடைசி பெஞ்ச்

மூன்றாம் வரிசை சொன்ன 'ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டார்' என்பதைப் பிடித்துக்கொள்கிறேன்.

படத்தின் முதல் ஐந்து நிமிடத்திலேயே டிம்மின் குரல் சொல்லிவிடுகிறது: அப்பா கல்லூரிப் பேராசிரியர், ஐம்பதாவது பிறந்தநாளோடு ஓய்வு பெற்றுவிட்டார், எப்போது வேண்டுமானாலும் அரட்டைக்கும் டேபிள் டென்னிஸில் என்னிடம் தோற்பதற்கும் கிடைப்பார். முதல் தடவை பார்க்கும்போது அது வெறும் அறிமுக வரி. வசதியான மனிதர், ஓய்வு பெற்றார், அவ்வளவுதான். நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன்.

கடைசியில்தான் உறைக்கிறது. அவருக்கு முடிவு தெரிந்திருந்தது. தெரிந்து பின்னால் போய், இருக்கிற வருடங்களை வேலைக்குக் கொடுக்காமல் பையனுக்குக் கொடுத்திருக்கிறார். அந்த முதல் ஐந்து நிமிடத்தில் நாம் பார்த்த தேநீர், சினிமா, டேபிள் டென்னிஸ் எல்லாமே இரண்டாவது முறையாக வாழ்கிற ஒருவர் கேட்டு வாங்கிய நேரம். பையனுக்கு அது சும்மா ஒரு பிற்பகல்.

மற்றபடி அந்தச் சக்தியை அவர் எதற்குப் பயன்படுத்தினார்? படிக்க. எல்லாப் புத்தகத்தையும் இரண்டு தடவை, டிக்கன்ஸை மூன்று தடவை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை.


மூன்றாம் வரிசை

அந்த ஐந்து நிமிடத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. கோபம் பாதி குறைந்தது. கடைசியில் வருகிற குரல் உபதேசம் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. காட்சியிலேயே சொல்லிவிட்டதை எதற்கு வாயாலும் சொல்ல வேண்டும்?


பழைய ரீல்

அதில் உங்கள் பக்கம்தான் நான். டிம் ஒரே நாளை இரண்டு தடவை வாழ்கிற பகுதியைப் பாருங்கள். முதல் தடவை அலுவலகத்தில் அதிகாரி கத்துகிறார், இவன் தலையைக் குனிந்துகொள்கிறான். கடையில் காசு கொடுக்கும்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீதிமன்றத்துக்குள் ஓடுகிறான். ரயிலில் பக்கத்து ஆளின் ஹெட்போன் இரைச்சல் எரிச்சல். இரண்டாவது தடவை அதே நாள், அதே ஆட்கள். கடைப்பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறான், அவளும் சிரிக்கிறாள். நீதிமன்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறான், அப்பாடா, என்ன கட்டடம்! ரயிலில் அந்த இரைச்சலுக்கே தலையாட்டுகிறான். வசனமே வேண்டாம். கர்டிஸ் எழுத்தாளர் என்பதால் வந்த வினை, பேனாவை மூட மனசு வரவில்லை.

கர்டிஸ் இந்தப் படத்தைத் தொடங்கியதே இந்த இடத்திலிருந்துதான். கடைசியாக ஒரு நாள் கிடைத்தால் எப்படிச் செலவழிப்பாய் என்று ஒரு நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது, பெரிய சாகசம் எதுவும் தோன்றவில்லை, வீட்டில் எல்லோரோடும் இருக்கிற ஒரு நாள்தான் தோன்றியது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காலப் பயணம் அதைச் சொல்வதற்குக் கிடைத்த வழி.


தூக்கம் வராதவள்

யாரும் அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. லிண்ட்சே டங்கன். படம் முழுக்கத் தேநீர் ஊற்றிக்கொண்டு, ஒரே மாதிரி உடையோடு, கறாராக நடமாடுகிற பெண்மணி. கணவர் போகப் போகிறார் என்று தெரிந்ததும் அழவில்லை. கோபப்படுகிறாள். அவர் இல்லாத வாழ்க்கையில் எனக்கு எந்த ஆர்வமும் இல்லை என்கிறாள், சமையலில் உப்பு குறைவு என்கிற தொனியில்.

அந்த வீட்டில் பையனுக்குத் திரும்பிப் போக ஜன்னல் இருந்தது. கணவருக்கு இருந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை, ஒரே தடவைதான் வாழ்ந்தாள். அவளைப் பற்றி ஒரு படம் எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்குப் போவேன்.


கோலப்பொடி

நானும். பக்கத்து சீட் எனக்கு.


லாஜிக் லாரி

யாராவது கூப்பிட்டால் நானும் வருவேன். பேசமாட்டேன்.


புதுசு

பார்த்தாயிற்று. அப்பா முதல் இரவுக் காட்சிக்கு முன்பே தூங்கிவிட்டார், அந்தப் பிரச்சினை தானாகத் தீர்ந்தது.

கடைசி டேபிள் டென்னிஸ் ஆட்டத்தில் எழுந்தார். டிம் விடைபெற வந்திருக்கிறான் என்று அப்பாவுக்குப் புரிகிற இடம். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவர் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "இவன் மட்டையைப் பிடிச்சிருக்கிறதே தப்பு" என்றார்.


கடைசி பெஞ்ச்

யாரைச் சொன்னார்? அப்பாவையா, பையனையா?


புதுசு

கேட்டேன். மறுபடி தூங்கிவிட்டார்.